கச்சா எண்ணெய் நின்றால் முதலில் எது நிற்கும்?

திருகாணி | பதிவு 1

அம்மாவின் தையல் இயந்திரம் போன வாரம் இறுகி நின்றுவிட்டது. கைச்சக்கரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினாலும் அசையவில்லை. குற்றவாளி நான்தான். ஆறேழு மாதங்களுக்கு முன் ‘கிறீச் கிறீச்’ என்று சத்தம் வருவதாகச் சொன்னார். மிஷின் எண்ணெய் தீர்ந்திருந்தது. எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று சமையலறையில் இருந்ததை எடுத்து ஒவ்வொரு துளையிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டேன். சத்தம் அப்போதே அடங்கியது. அம்மா பாராட்டக்கூடச் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால், தண்டு சுழலும் இடங்களிலெல்லாம் தேன் நிறத்தில் ஒரு பூச்சு. நகத்தால் கீறினால் அரக்குபோலச் சிம்பு சிம்பாகப் பெயர்கிறது. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை மண்ணெண்ணெயில் நனைத்து இரண்டு மணி நேரம் தேய்த்தேன். கீழே வைத்த தட்டில் பழுப்பாய் வழிந்துகொண்டே இருந்தது. துடைத்து, சரியான மிஷின் எண்ணெய் விட்டதும் சக்கரம் ஒரு விரல் தள்ளலுக்கே சுற்றுகிறது.

கை கழுவும்போதுதான் உறைத்தது. கழுவப் பயன்படுத்திய மண்ணெண்ணெய், பிறகு விட்ட மிஷின் எண்ணெய், பிரஷின் நைலான் இழை, பாபினில் சுற்றியிருந்த பாலியஸ்டர் நூல், நான்கும் ஒரே கிணற்றுச் சரக்கு.

இரண்டு கேள்விகள். சமையல் எண்ணெய் ஏன் இப்படித் துரோகம் செய்தது? நாளைக் காலை உலகம் முழுக்கக் கச்சா எண்ணெய் நின்றுவிட்டால் முதலில் எது நிற்கும்? வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் ‘வண்டி’ என்றார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை.


மேல்மாடி | பதிவு 2

வண்டிதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கப்பல், லாரி, விமானம் மூன்றும் படுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் படுக்கும். 1973இல் அரபு நாடுகள் ஏற்றுமதியை நிறுத்திவைத்தன. சந்தையிலிருந்து குறைந்தது சிறு பங்குதான். அதற்கே சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிட்டது. முழுவதும் நின்றால் கேட்கவே வேண்டாம்.


சுழல்தண்டு | பதிவு 3

சுத்திகரிப்பு ஆலையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

சமையல் எண்ணெயின் மூலக்கூறு ஒரு நீளமான சங்கிலி. அதில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடங்களைக் குறிவைத்துத் தொற்றும். பிறகு ஒரு சங்கிலி அடுத்ததோடு கோத்துக்கொள்ளும், அது மற்றொன்றோடு. நாளடைவில் வலைபோல் பின்னி இறுகிவிடும். ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைப்பது இந்தக் குணத்துக்காகவே. ஆகவே, நண்பரே, நீங்கள் அந்த இயந்திரத்துக்கு எண்ணெய் விடவில்லை, வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள்.

கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கும் மசகு எண்ணெயில் அப்படிப்பட்ட பிடிமானங்கள் அநேகமாக இல்லை. பாறைக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்து அடங்கிய சரக்கு அது. இனி எதனோடும் அவசரப்பட்டுச் சேராது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் உங்கள் தையல் இயந்திரத்திலேயே இருக்கிறது. மசகு எண்ணெய். உலகம் எடுக்கும் எண்ணெயில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இதற்குப் போகிறது. ஆனால் நிலக்கரி எரித்தாலும், அணுவைப் பிளந்தாலும், அணையைத் திறந்தாலும் மின்சாரம் வரச் சுழல்வது ஒரு தண்டு. பல டன் எடையுள்ள அந்தத் தண்டு உலோகத்தின்மீது உட்கார்ந்து சுழல்வதில்லை. தலைமயிர்த் தடிமனே உள்ள எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்து சுழல்கிறது. படலம் அறுந்தால் தாங்கி (பேரிங்) உருகிவிடும். அதனால்தான் மின் நிலையத்தில் எண்ணெய் பம்பு நின்றுபோனால் உதவிக்கு இரண்டாவது பம்பு, அதுவும் நின்றால் பேட்டரியில் ஓடும் மூன்றாவது பம்பு என்று வைத்திருப்பார்கள். காற்றாலையின் பல்சக்கரப் பெட்டிக்குள்ளும் இதே கதைதான்.

வண்டி நிற்பது கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது.


கடைசிப்பெஞ்ச் | பதிவு 4

அருமை ஐயா. சும்மா கிடந்த டைனோசர்களைப் பிழிந்து நாம் தையல் தைக்கிறோம் என்று நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. உரம்கூட எண்ணெயிலிருந்துதானே செய்கிறார்கள்?

இன்னொன்றும் தோன்றியது. எள்ளின் நெய் என்பதே எண்ணெய் ஆனது. நல்லெண்ணெய்க்கு மட்டும் உரிய பெயரை நாம் எல்லாவற்றுக்கும் சூட்டிவிட்டோம். லத்தீன்காரர்களும் இதையே செய்திருக்கிறார்கள். அவர்களுடைய ‘ஓலியம்’ ஆலிவ் காயிலிருந்து வந்த சொல். ‘பெட்ரோலியம்’ என்றால் பாறை ஆலிவ் எண்ணெய்! நாம் ‘மண்ணெண்ணெய்’ என்றோம், அதாவது மண்ணிலிருந்து வந்த எள்நெய். திருகாணி அண்ணா குழம்பியதில் தப்பே இல்லை, மொழியே குழப்பித்தான் வைத்திருக்கிறது.


தராசு | பதிவு 5

சுழல்தண்டு ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இந்த உரையாடல் இழை எங்கே போகிறது என்று எனக்குத் தெரிகிறது. இன்னும் பத்துப் பதிவுகளில் ‘உங்கள் பிரஷ் எண்ணெய், சட்டைப் பொத்தான் எண்ணெய், மூக்குக் கண்ணாடி எண்ணெய், எண்ணெய் இல்லாமல் நீ இல்லை’ என்ற பட்டியல் வந்து நிற்கும். அந்தப் பட்டியலை நான் பலமுறை படித்துவிட்டேன். அதில் ஒவ்வொரு வரியும் உண்மை, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் பொய்.

கணக்கைப் பாருங்கள். உலகம் ஒரு நாளைக்கு 10 கோடி பீப்பாய்க்கு மேல் எண்ணெய் செலவழிக்கிறது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். உலக மக்கள்தொகையால் வகுத்தால் குழந்தை, கிழவர் உட்படத் தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர். இதில் பிளாஸ்டிக், செயற்கை இழை, மருந்து, சாயம் என்று பொருளாக மாறுவது ஏழில் ஒரு பங்கைச் சுற்றித்தான். மிச்சத்தில் பெரும்பகுதி எரிந்து போகிறது. எரித்ததிலும் சாதாரணக் காரின் என்ஜின் சக்கரத்துக்குக் கொடுப்பது நான்கில் ஒரு பங்கு. மற்ற மூன்று பங்கு ரேடியேட்டரையும் புகைக்குழாயையும் சூடாக்குகிறது.

ஊசிமருந்துக் குழலைக் காட்டி, நிறுத்தத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் காருக்கு நியாயம் தேடக் கூடாது என்பதே என் வாதம்.


பகல்நிலவு | பதிவு 6

ஊசிக்குழல் என்று தராசு சொன்னதால் எழுதுகிறேன். மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். காருக்கு நியாயம் தேடவில்லை. ஆனால் ‘ஏழில் ஒரு பங்கு’ என்று சொல்லிக் கடந்துபோகும் இடத்தில்தான் நான் நாள் முழுக்க நிற்கிறேன்.

என் பயிற்சிக் காலத்தில் மூத்த செவிலியர் ஒருவர் கண்ணாடி ஊசிக்குழல் காலத்தைப் பற்றிச் சொல்வார். கொதிநீரில் வேகவைத்து, ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டி, மறுபடி வேகவைத்து அடுத்தவருக்குப் போட வேண்டும். சரியாக வேகாத ஊசி ஒருவர் நோயை இன்னொருவர் உடம்பில் ஏற்றிவிடும். ஒரு முறை போட்டுத் தூக்கி எறியும் பாலிப்ரொப்பிலீன் குழல் வந்தபின்தான் அந்தப் பயம் குறைந்தது.

சலைன் பையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு கண்ணாடிப் புட்டி. புட்டியிலிருந்து நீர் இறங்க வேண்டுமானால் உள்ளே காற்று போக வழி வேண்டும், காற்றோடு கிருமி போகவும் வழி உண்டு. பி.வி.சி. பை அப்படியில்லை. நீர் இறங்க இறங்கப் பை தானாகச் சுருங்கும், காற்றே தேவையில்லை. இரவுப் பணியில் அந்தப் பை மெல்ல ஒட்டிப்போவதைப் பார்த்தே மணி சொல்லிவிடுவோம்.

இரத்தப் பை இன்னும் விசேஷம். 1950 வாக்கில் கார்ல் வால்டர், வில்லியம் மர்பி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் புட்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார்கள். பை என்பதால் அதோடு குட்டிப் பைகளைக் குழாயால் இணைத்துவைக்க முடிந்தது. சுழற்றிப் பிரித்து, சிவப்பணு ஒரு பையில், பிளாஸ்மா ஒன்றில், தட்டணு ஒன்றில் என்று வெளிக்காற்றே படாமல் பிரிக்கலாம். ஒருவர் கொடுத்த இரத்தம் இரண்டு மூன்று பேருக்குப் போகிறது. அந்தப் பையை இளக வைக்கச் சேர்க்கும் ரசாயனம் இரத்தத்தில் கொஞ்சம் கசிகிறது. உடம்புக்கு நல்லதல்ல என்று அதைக் கைவிடப் பார்க்கிறார்கள். ஆனால் அதே கசிவுதான் சிவப்பணுவின் தோல் கெடாமல் காக்கிறது என்பதும் தெரியவந்து, மாற்று கண்டுபிடிப்பது இழுபறியாகவே இருக்கிறது.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலும் பென்சீனில் தொடங்கி ஃபீனால் வழியாக வருவது. மருந்துப் பெட்டியைத் திறந்தாலே கிணற்றடி வாசனை அடிக்கும்போல.


திருகாணி | பதிவு 7

சகோதரி, அந்தப் பை சுருங்குவதை நானே ஒரு முறை படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஏன் சுருங்குகிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.


சுழல்தண்டு | பதிவு 8

கடைசிப்பெஞ்ச் தம்பிக்கு: டைனோசருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடலில் மிதந்த நுண்பாசிகளும் நுண்ணுயிர்களும் செத்து, ஆக்சிஜன் எட்டாத சேற்றில் புதைந்து, மேலே படிந்த மண்ணின் எடையில் ஆழம் இறங்கி, 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் மெல்ல வெந்தால் எண்ணெய். சூடு கூடினால் எரிவாயு. கணக்காக அடுப்பு எரிந்த இடத்தில்தான் எண்ணெய் கிடைக்கிறது.

உரம் பற்றிச் சொன்னது பாதி தப்பு. யூரியாவுக்கு வேண்டிய அமோனியாவைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் கொஞ்சம் நிலக்கரியிலிருந்தும் செய்கிறார்கள். ஆனால் மீதிப் பாதி சரி, அதுவும் நீங்கள் நினைக்காத வழியில். கந்தகம்!

கச்சா எண்ணெயில் கந்தகம் கலந்தே வரும். அப்படியே எரித்தால் புகை அமிலமாகி மழையோடு இறங்கும். அதனால் ஆலையிலேயே பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. கப்பல் எரிபொருளில்கூட 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை 2020 முதல் 0.5 சதவீதமாக உலகளவில் குறைத்துவிட்டார்கள். பிரித்த கந்தகம் என்ன ஆகிறது? திரவமாக, தேநீர் நிறத்தில் குழாயில் வரும். ஆறினால் எலுமிச்சை மஞ்சள். ஆலை வளாகத்தில் மலைபோல் குவித்திருப்பதைப் பார்த்தால் முதல் நாள் யாரும் வாயடைத்துத்தான் நிற்பார்கள். இன்று சந்தைக்கு வரும் கந்தகத்தில் மிகப் பெரும்பகுதி இப்படி எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் கழித்தெடுத்ததுதான். கந்தக அமிலம் அதிலிருந்து. அமிலத்தில் பாதிக்கு மேல் பாஸ்பேட் உரத்துக்கு. மிச்சம் செம்பு பிரிக்க, கார் பேட்டரிக்கு, இன்னும் பலவற்றுக்கு.

அந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பாடம் முதல் நாளே சொல்லித்தருவார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் அடிக்கும் வரை மூக்கு வேலை செய்கிறது என்று பொருள். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். ‘நாற்றம் நின்றால் ஓடு’ என்பார் என் மேற்பார்வையாளர். நான் இரண்டு முறை ஓடியிருக்கிறேன்.


மேல்மாடி | பதிவு 9

எல்லாம் சரி, ஆனால் இவை எல்லாவற்றையும் இடம் விட்டு இடம் கொண்டுபோவது எது? மறுபடியும் வண்டிதான். வண்டியை யாரும் மதிப்பதில்லை இந்த இழையில்.


நெடுஞ்சாலை | பதிவு 10

நான் மதிக்கிறேன். இருபது ஆண்டுகளாக லாரிப் போக்குவரத்தில் இருப்பவன்.

எண்ணெயை விட்டுவிடுவது ஏன் கடினம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. நல்ல திடகாத்திரமான ஆள் எட்டு மணி நேரம் இடைவிடாமல் மிதிவண்டி மிதித்துக் கொடுத்தால் 0.6 யூனிட். என்ஜின் பாதிக்கு மேல் வீணாக்கினாலும் ஒரு லிட்டருக்குள் ஆறேழு ஆட்களின் ஒரு நாள் உழைப்பு இருக்கிறது. அதை ஒரு தகரக் குவளையில் ஊற்றி எடுத்துச் செல்லலாம், அழுத்தம் வேண்டாம், குளிர்பதனம் வேண்டாம்.

இன்னொன்று. பெட்ரோல் பங்கில் நீங்கள் 40 லிட்டர் பெட்ரோலை இரண்டு நிமிடத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். லிட்டருக்கு 9 யூனிட் என்று வைத்தால் 360 யூனிட், இரண்டு நிமிடத்தில். மின்சாரக் கணக்கில் சொன்னால் அந்தக் குழாய் முனை வழியாக 10 மெகாவாட்டுக்கு மேல் பாய்கிறது. ஒரு சிற்றூருக்கே போதுமான அளவை ஒரு பையன் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறான்.

சாலையையும் மறக்க வேண்டாம். நாம் ‘தார் ரோடு’ என்கிறோம், உண்மையில் அது பிட்டுமென், கச்சா எண்ணெயின் அடிவண்டல். கலவையில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் அது, மற்றதெல்லாம் ஜல்லியும் மணலும். அந்த ஐந்துதான் தொண்ணூற்றைந்தைப் பிடித்துவைத்திருக்கிறது. டயரிலும் அப்படித்தான். ரப்பர் மரத்துப் பாலோடு எண்ணெயிலிருந்து வந்த செயற்கை ரப்பர், கருமை தரும் கார்பன் கரி. கரி சேர்க்காத டயர் வெள்ளையாகத்தான் இருக்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். மின்சார வண்டி வாங்கினாலும் அது ஓடுவது எண்ணெய்மேல் எண்ணெய்.


தராசு | பதிவு 11

நெடுஞ்சாலை நண்பர் சொன்ன 10 மெகாவாட் கணக்கு பிடித்திருக்கிறது, சரிபார்த்தேன், சரிதான். ஆனால் மின் மோட்டார் நூற்றில் எண்பத்தைந்துக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஆகவே அத்தனையும் ஏற்றத் தேவையில்லை, மூன்றில் ஒரு பங்கு ஏற்றினாலே அதே தூரம் போகலாம். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நானும் ஒரு கணக்குத் தருகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. அதை எரித்தால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் எடை 2.3 கிலோ. முக்கால் கிலோ எப்படி 2.3 ஆனது? மிச்சம் காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜன். கண்ணுக்குத் தெரியாததால் லேசாக நினைக்கிறோம். 40 லிட்டர் போட்டுக்கொண்டு கிளம்பியவர் தொட்டி காலியாகும்போது 90 கிலோவை வழியில் இறைத்துவிட்டிருப்பார். 90 கிலோ குப்பையைச் சாலையில் கொட்டிக்கொண்டே போனால் விட்டுவிடுவோமா?

எண்ணெயின் முக்கியத்துவம் என்று பேசினால் ஈயத்தையும் பேச வேண்டும். 1921இல் தாமஸ் மிட்ஜ்லி, என்ஜினில் ‘தட் தட்’ என்ற இடிப்புச் சத்தத்தை அடக்க டெட்ராஎத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் கலக்கலாம் என்று கண்டார். ஈயம் நஞ்சு என்பது அன்றைக்கே தெரியும். பூமியின் வயதைக் கணிக்க வந்த கிளேர் பேட்டர்சன், எதை அளந்தாலும் ஈயம் கலந்திருக்கிறதே என்று திகைத்து, பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியை அதை எதிர்த்தே செலவிட்டார். சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா, நிறுத்தியது 2021இல். சரியாக நூறு ஆண்டுகள். அந்த நூறு ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் எலும்பில் அந்த முக்கியத்துவம் பதிந்திருக்கிறது.


சுழல்தண்டு | பதிவு 12

தராசு எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஈயம் கலக்கும் பிரிவில் இருந்த ஆட்களை எனக்கு நேரில் தெரியும். அவ்வளவுதான் சொல்வேன்.

ஆனால் ‘ஏழில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்’ என்ற பொருள் அதில் தொனிக்கிறது. அங்கேதான் ஆலைக்காரன் தலையைச் சொறிவான்.

கச்சா எண்ணெயை 350 டிகிரிக்குமேல் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறோம். ஆவி மேலே ஏற ஏறக் குளிர்ந்து, தட்டுத் தட்டாகப் படியும். உச்சியில் வாயு, அதற்குக் கீழே நாஃப்தாவும் (பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளாகும் லேசான திரவம்) பெட்ரோலும், பிறகு மண்ணெண்ணெய், பிறகு டீசல், அடியில் கறுப்புக் குழம்பு. நமக்கு வேண்டியது ஒரு தட்டு மட்டும் என்றாலும் மற்ற தட்டுகள் கூடவே வந்து நிற்கும். மாட்டை வாங்கிவிட்டுக் கொம்பு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

வரலாறு முழுக்க இந்தத் தலைவலிதான். 1859இல் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற இடத்தில் எட்வின் டிரேக் 21 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் எடுத்தபோது எல்லோருக்கும் வேண்டியிருந்தது விளக்கெரிக்க மண்ணெண்ணெய். பெட்ரோல் அப்போது கழிவு. தீப்பிடிக்கும் சனியன் என்று ஆற்றில் விட்டவர்கள் உண்டு. துளையிடும் தண்டில் படிந்து தொல்லை கொடுத்த மெழுகை ராபர்ட் சீஸ்ப்ரோ என்பவர் கவனித்தார். தொழிலாளர்கள் அதைத் திட்டிக்கொண்டே தங்கள் வெட்டுக்காயத்தில் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைச் சுத்தம் செய்து 1872இல் வாசலின் என்று காப்புரிமை பெற்றார். பிறகு மின்விளக்கு வந்து மண்ணெண்ணெய்க்கு வேலையில்லாமல் போகும் நேரத்தில் கார் வந்து, கழிவாக இருந்த பெட்ரோல் ராஜாவானது. விமானம் வந்ததும் மண்ணெண்ணெய் மறுபடி எழுந்துகொண்டது. ஜெட் எரிபொருள் என்பது அதன் பட்டுச்சட்டை போட்ட வடிவம்தான்.

நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். தட்டுகளின் அளவு கல்லில் எழுதியதல்ல. 1913இல் வில்லியம் பர்ட்டன் கனமான மூலக்கூறுகளை உடைத்துப் பெட்ரோலாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1930களில் வினையூக்கி கொண்டு உடைக்கும் ஆலைகள் வந்தன. பெட்ரோல் வேண்டாம் என்று உலகம் முடிவு செய்தால் அதையும் நாஃப்தா வழியாகப் பிளாஸ்டிக் பக்கம் திருப்பலாம், கொஞ்சம் கொஞ்சமாக, பெரும் செலவில். ஆனால் அடிவண்டலிலிருந்து வரும் பெட்ரோலியக் கோக் என்ற கரியைப் பாருங்கள். ஒரு டன் அலுமினியம் எடுக்க 400 கிலோவுக்கு மேல் கார்பன் மின்வாய் கரைகிறது, அது இந்தக் கோக்கில் செய்தது. இதிலேயே உயர்தரமான ஊசிக் கோக் என்று ஒன்று உண்டு. மின்சாரக் காரின் லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் செயற்கை கிராஃபைட்டுக்கு அதுவும் ஒரு மூலப்பொருள். பெட்ரோலை விரட்ட வந்தவனுக்கே பெட்ரோலியத்தின் அடிச்சட்டி தேவைப்படுகிறது.


கடைசிப்பெஞ்ச் | பதிவு 13

டைனோசரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். இவ்வளவு முக்கியமான சரக்கை 2020இல் ஒரு நாள் ‘பணமும் தருகிறோம், எண்ணெயையும் எடுத்துப் போங்கள்’ என்று விற்றார்களே, அது எப்படி?


மேல்மாடி | பதிவு 14

2020 ஏப்ரல் 20. அமெரிக்க எண்ணெயின் மே மாதச் சரக்குக்கான முன்பேர ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஊரடங்கால் வண்டிகள் நின்றுவிட்டன (பார்த்தீர்களா, வண்டி!). கிணற்றை நினைத்தவுடன் மூட முடியாது. ஒப்பந்தம் முடிந்தால் ஓக்லஹோமாவில் குஷிங் என்ற இடத்தில் சரக்கை நேரில் எடுத்துக்கொள்ள வேண்டும், அங்கே காலியாக இருந்த தொட்டிகளையும் ஏற்கெனவே பேசிவைத்துவிட்டார்கள். கையில் காகிதம் வைத்திருந்தவர்கள் எண்ணெயை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் தள்ளிவிட்டார்கள். ஓடிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மதிப்பு.


மின்கம்பம் | பதிவு 15

தாமதமாக வருகிறேன். மின்மாற்றிப் பராமரிப்பில் இருப்பவன். தெருமுனையில் நிற்கும் அந்தப் பெட்டிக்குள்ளும் எண்ணெய்தான் நிரம்பியிருக்கிறது. சுருள்களின் சூட்டை வெளியே கடத்துவது, மின்சாரம் தாவாமல் தடுப்பது, இரண்டு வேலையும் அதற்கு. பெரிய மின்மாற்றி என்றால் பல பத்தாயிரம் லிட்டர்.

ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். இதுவரை எல்லோரும் தாவர எண்ணெயை மட்டம் தட்டிவிட்டீர்கள். இப்போது தாவர எண்ணெய் நிரப்பிய மின்மாற்றிகளும் ஓடுகின்றன. கனிம எண்ணெயைவிட மிக உயர்ந்த சூட்டில்தான், 300 டிகிரிக்குமேல், தீப்பிடிக்கும். கசிந்தாலும் மண்ணில் மட்கிப்போகும். பிசினாகாதா என்றால், காற்றுப் புகாமல் மூடிவைத்துவிட்டால் ஆகாது. சுழல்தண்டு ஐயா சொன்னதுபோல எதிரி ஆக்சிஜன்தான். திருகாணியின் தையல் இயந்திரம் திறந்த வீடு, எங்கள் பெட்டி பூட்டிய வீடு.

ஆகவே மாற்று இல்லை என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகத் தேட வேண்டியிருக்கிறது, அதுதான் சிரமம்.


தராசு | பதிவு 16

இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பதிவு மின்கம்பம் எழுதியது. ‘எண்ணெய்க்கு மாற்று என்ன’ என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்பதே தப்பு. விளக்குக்கு மாற்று வந்துவிட்டது. காருக்கு வந்துகொண்டிருக்கிறது. விமானத்துக்கும் இரத்தப் பைக்கும் இன்னும் இழுபறி. கந்தகத்துக்கு மாற்றுவழி தேட வேண்டும் என்பது இன்று காலை வரை எனக்குத் தெரியவே தெரியாது.

சுழல்தண்டு ஐயா, பட்டியல் பொய் என்று எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் ‘மிச்சத்தை விட்டுவிடலாம்’ என்று நினைத்துக்கொண்டிருந்ததைத் திரும்பப் பெறுகிறேன்.


சுழல்தண்டு | பதிவு 17

பாதி வெற்றி போதும். ஓய்வுபெற்றவனுக்கு அதுவே அதிகம்.


பகல்நிலவு | பதிவு 18

திருகாணி, உங்கள் கேள்விக்கு நீங்களே என்ன விடை வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே. முதலில் எது நிற்கும்?


திருகாணி | பதிவு 19

மேல்மாடிக்குக் கோபம் வரும். வண்டி நிற்கும்தான், ஆனால் வண்டி நின்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். தொட்டியில் முள் இறங்குவதைப் பார்க்கலாம், வரிசையில் நிற்கலாம், நடந்து போகலாம். அம்மாவின் இயந்திரம் அப்படி நிற்கவில்லை. ஆறு மாதம் நன்றாகவே தைத்தது. நாளுக்கு நாள் கொஞ்சம் கனத்தது என்று இப்போது அம்மா சொல்கிறார். வயதாகிவிட்டது, கால் வலுவில்லை என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தாராம். நிற்பதற்கு முன்னால் எல்லாம் இப்படித்தான் கனக்கும் என்று நினைக்கிறேன். உர மூட்டை, இரத்தப் பை, மின் நிலையத்துத் தண்டு எல்லாம்.

இன்னொரு சிறு சந்தேகம், இதோடு விட்டுவிடுகிறேன். தேய்த்துக் கழுவிய அந்த அழுக்கு மண்ணெண்ணெய் அரை லிட்டர் இருக்கிறது. சாக்கடையில் ஊற்ற மனமில்லை. என்ன செய்வது?


நெடுஞ்சாலை | பதிவு 20

சாக்கடையில் ஊற்றவே ஊற்றாதீர்கள். பட்டறையில் நாங்கள் செய்வது: ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மூடி போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி, யாரும் அசைக்காத இடத்தில் வைத்துவிடுங்கள். நாலைந்து நாளில் அழுக்கு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததைப் பதமாகச் சாய்த்து எடுத்தால் அடுத்த முறை கழுவ அதுவே போதும். அடியில் தங்கிய குழம்பைப் பழைய என்ஜின் எண்ணெய் வாங்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள், சேர்த்து வாங்கிக்கொள்வார்கள்.


திருகாணி | பதிவு 21

ஐந்தாவது நாள். மேலே முக்கால் ஜாடி வெளிர் மஞ்சளில் தெளிந்து நிற்கிறது. அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பழுப்புக் குழம்பு. நடுவில் கோடு கிழித்ததுபோல எல்லை. சாய்க்க மனமில்லாமல் சன்னலருகே இன்னும் ஒரு நாள் வைத்திருக்கிறேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, “இதில் எது நீ ஊற்றியது?” என்று கேட்டார். கீழே இருப்பதைக் காட்டினேன்.